பாட்டி எங்கே போனாங்க? ஃபார்வர்டும் ஒரு கேள்வியும்

ஓம் சரவணபவ!

போன மாதம் எங்க பாட்டி முருகன் திருவடி சேர்ந்தாங்க. காரியம் முடிஞ்ச அன்னைக்கு சாயங்காலம், குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல பெரியப்பா ஒரு ஃபார்வர்ட் போட்டார். ஆற்றலை அழிக்க முடியாது, உயிரும் ஆற்றல்தான், அதனால உயிர் அழியாதுன்னு விஞ்ஞானமே நிரூபிச்சிடுச்சு என்பது அதோட சாரம். அம்மா அதைக் காட்டி, "நீ இன்ஜினியரிங் படிச்சவன். இது நிஜமாடா?"ன்னு கேட்டாங்க.

ஆமான்னு சொல்லியிருந்தா அம்மா அன்னைக்கு நிம்மதியா தூங்கியிருப்பாங்க. எனக்கு வாய் வரல.

ஆற்றல் அழியாது என்பது உண்மைதான். பாட்டி உடம்புல இருந்த ஆற்றலும் வெப்பமா, வேற வடிவமா மாறியிருக்குமே தவிர அழிஞ்சிருக்காது. ஆனா கம்ப்யூட்டர்ல ஒரு ஃபைலை முழுசா அழிச்சா, ஆற்றல் கணக்குல ஒரு துளி கூட குறையாது. ஃபைல் மட்டும் இருக்காது. அந்த விதி பேசுறது அளவைப் பத்தி மட்டும்தான். தினமும் காலையில "கந்தா"ன்னு கூப்பிட்டுக்கிட்டே எழுந்த பாட்டியைப் பத்தி அது எதுவும் சொல்லல.

அடுத்த செவ்வாய்க்கிழமை பெசன்ட் நகர் அறுபடை வீடு கோயிலுக்குப் போனேன். அன்னி பெசன்ட் அம்மையார் பேர்ல அமைஞ்ச ஊர். அடையாறு பிரம்மஞான சபையில இருந்த அவங்களும் லெட்பீட்டரும் 1908-ல 'அக்கல்ட் கெமிஸ்ட்ரி'ன்னு ஒரு புத்தகம் போட்டாங்க. ஞானதிருஷ்டியால அணுவுக்குள்ள பார்த்தோம், ஹைட்ரஜன் அணுவுல 18 நுண்ணணுக்கள் இருக்குன்னு எழுதினாங்க. 1911-ல ரதர்ஃபோர்ட், அணுவுக்கு நடுவுல ஒரு கரு இருக்குன்னு சோதனை மூலமா காட்டினார். அந்தச் சோதனையை யார் வேணும்னாலும் திரும்பச் செஞ்சு பார்க்கலாம். ஞானதிருஷ்டியில தெரிஞ்சதை இன்னொருத்தர் சரிபார்க்க வழியே இல்லை. அம்மையார் பொய் சொன்னாங்கன்னு நான் சொல்லல. அனுபவத்தை ஆராய்ச்சி முடிவுன்னு எழுதினதுதான் சிக்கல்.

இதே ஆசை பெரிய விஞ்ஞானிகளுக்கும் இருந்திருக்கு. ஷ்ரோடிங்கர் 1943-ல டப்ளின் நகரத்துல, உயிர்னா என்னன்னு சொற்பொழிவு செஞ்சார். அடுத்த வருஷம் அது புத்தகமா வந்தது. பரம்பரைப் பண்பைச் சுமக்கிற பொருள் எப்படி இருக்கணும்னு இயற்பியல் வழியா அவர் ஊகிச்சது, பின்னாடி டிஎன்ஏ அமைப்பைக் கண்டுபிடிச்ச வாட்சனையும் கிரிக்கையும் அந்தத் துறைக்கு இழுத்தது. புத்தகத்தோட கடைசியில ஆத்மாவும் பிரம்மமும் ஒண்ணு என்கிற உபநிஷத்து கருத்தையும் எழுதினார். ஆனா, இது என் சொந்தப் பார்வைன்னு முன்கூட்டியே சொல்லிட்டுத்தான் எழுதினார்.

நம்ம காலத்துல ரோஜர் பென்ரோஸ், மூளை செல்லுக்குள்ள இருக்கிற நுண்குழாய்கள்ல நடக்கிற குவாண்டம் நிகழ்வுதான் உணர்வுக்குக் காரணம்னு சொல்றார். மூளையோட சூட்டுல அந்த நிலை, ஒரு விநாடியில லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரம் கூட தாங்காதுன்னு 2000-ல டெக்மார்க் கணக்குப் போட்டு மறுத்தார். விவாதம் இன்னும் முடியல. பென்ரோஸ் தப்பாகவே இருக்கலாம். ஆனா தப்புன்னு காட்டுறதுக்கான கதவைத் திறந்து வெச்சிருக்கார். நம்ம ஃபார்வர்டுல அந்தக் கதவு இல்லை.

நம்ம முருகன் கதை ஞாபகம் வந்தது. பிரணவத்துக்குப் பொருள் தெரியாம, எல்லாம் தெரிஞ்ச மாதிரி போன பிரம்மா சிறைக்குப் போனார். சாட்சாத் சிவபெருமானோ கைகட்டி வாய்பொத்தி சிஷ்யனா நின்னு கேட்டார். திருவிளையாடல்தான், ஆனா பாடம் நமக்கு. தெரியாதுன்னு ஒத்துக்கிறது பக்திக்குக் குறைச்சல் இல்லை.

அம்மாகிட்ட சொன்னேன்: "இதை சயின்ஸ் சொல்லலம்மா. பாட்டி முருகன்கிட்ட இருக்காங்கன்னு நான் நம்பறேன். நிரூபிக்கத் தெரியாது." அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "உன் பாட்டியும் நிரூபணம் கேட்டு கும்பிடலையே"ன்னாங்க.

அடுத்த முறை இப்படி ஒரு மெசேஜ் வந்தா, அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. நம்ம வேலவனுக்குப் பொய்ச் சாட்சி வேண்டாம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!