விடுபட்ட ஆறு வசனங்கள்

பாஸ்கா காலம் 6ஆம் வாரம், திங்கள்
திருத்தூதர் பணிகள் 16:11-15. யோவான் 15:26 – 16:4



சாயங்காலம் நான்கு மணிக்கு நம் தெருக்களில் நடந்தால், தட்டை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் தாய்மாரைத் திண்ணைக்குத் திண்ணை பார்க்கலாம். முந்தின இரவே நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்த இலை. தகட்டை வைத்து வெட்டிய துண்டுகள் ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம், நூல்கண்டு ஒரு பக்கம். கண் தெருவைப் பார்க்கும், வாய் பக்கத்து வீட்டோடு பேசும், விரல் மட்டும் நிற்காது. 25 சேர்ந்தால் ஒரு கட்டு. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் சுற்று சரியில்லை, நுனி சரியில்லை என்று கொஞ்சம் கழிவு போகும். மிச்சத்துக்கு, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. நம் பங்கில் எத்தனையோ பிள்ளைகள் படித்தது இந்தத் தட்டு கொடுத்த காசில்தான். அதை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன்.

அந்தத் தாய்மாரில் சிலர் தனியாக வந்து கேட்கிறார்கள்: "சாமி, இத விட்டுட்டு வேற ஏதாவது செய்யலாம்னு இருக்கு. விடலாமா?" கேட்கும்போதே குரல் தாழ்ந்துவிடுகிறது. ஒருவருக்குத் தூள் மூக்கில் ஏறி ஏறி இருமல் விடுவதில்லை. இன்னொருவருக்கு நன்றாகத் தைக்கத் தெரியும். தனியார் பள்ளியில் பாடம் நடத்திக் களைத்துப்போன ஒரு டீச்சர், சிறுதானிய மாவு அரைத்து விற்கலாம் என்று நினைக்கிறார். விடலாம்தான். ஆனால் விட்டால் பீடி கார்டு போய்விடும், பி.எஃப். நின்றுவிடும், பிள்ளைக்கு வரும் கல்வி உதவித்தொகை என்ன ஆகுமோ தெரியாது. வீட்டிலோ "இருக்கிறதையும் கெடுத்துக்காத" என்கிறார்கள். வேலையை மாற்றுவது என்றால் பட்டணத்தில் படித்தவர்கள் பேசும் விஷயம் என்று நினைக்கிறோம். நம் திண்ணைகளிலும் அந்தக் கேள்வி உட்கார்ந்திருக்கிறது.

இன்று திருவழிபாடு நமக்குக் காட்டும் பெண், தொழில் செய்த பெண். பெயர் லீதியா. சொந்த ஊர் ஆசியாவிலுள்ள தியத்திரா; சாயத்தொழிலுக்குப் பேர்போன ஊர் அது. அங்கிருந்து கடல் தாண்டி வந்து, மாசிதோனியாவின் பிலிப்பி நகரில் செந்நிற ஆடை விற்றுக்கொண்டிருந்தார். அந்தச் சாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழங்காலத்தின் உயர்ந்த செந்நீலச் சாயம் கடல் நத்தையிலிருந்து கிடைத்தது. 1909இல் ஒரு ஜெர்மன் வேதியியலாளர் 12,000 நத்தைகளை எடுத்துப் பார்த்தார்; கிடைத்த சாயம் ஒன்றரை கிராம்கூட இல்லை. எடுக்கிற இடத்தில் நாற்றம் தாங்காதாம். தியத்திராவின் சாயம் வேரிலிருந்து எடுத்த மலிவான சாயமாக இருந்திருக்கலாம் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. எப்படியானாலும் சரக்கின் தரம், விலை, கடன், ஆள் என்று எல்லாம் தெரிந்த கை அவருடையது. கணவரைப் பற்றி வேதாகமம் ஒன்றும் சொல்லவில்லை. "லீதியாவின் வீடு" என்றுதான் வருகிறது.

நகர வாயிலுக்கு வெளியே ஆற்றங்கரையில் பெண்கள் கூடியிருந்தார்கள். பவுல் உட்கார்ந்து பேசினார். ஆண்டவர் லீதியாவின் உள்ளத்தைத் திறந்தார். அவரும் வீட்டாரும் திருமுழுக்குப் பெற்றார்கள். அதற்குப் பிறகு அவர் வியாபாரத்தை விட்டார் என்று லூக்கா எழுதவில்லை. என் வீட்டில் வந்து தங்குங்கள் என்று திருத்தூதர்களை வற்புறுத்தினார் என்றுதான் எழுதுகிறார். கடையும் இருந்தது, வாசலும் திறந்தது.

இன்றைய வாசகம் இங்கே, 15ஆம் வசனத்தோடு முடிகிறது. நாளைக் காலைத் திருப்பலிக்கு வந்தால் 22ஆம் வசனத்திலிருந்து கேட்பீர்கள்: பவுலும் அவருடைய தோழர் சீலாவும் அடிபட்டுச் சிறையில் கிடக்கிறார்கள். ஏன் அடி? எதற்காகச் சிறை? அதைச் சொல்லும் ஆறு வசனங்கள் இரண்டு நாளுக்கும் நடுவே விழுந்துவிடுகின்றன. அங்கேதான் இன்னொரு பெண் இருக்கிறாள். நான் இன்று அவளைப் பற்றித்தான் பேச வந்தேன்.

அவளுக்குப் பெயர் இல்லை. குறிசொல்லும் ஆவி பிடித்த அடிமைப் பெண். அவளும் வேலைதான் செய்தாள். நல்ல வருமானமும் வந்தது. ஆனால் வந்ததெல்லாம் எஜமானர்களுக்கு. ஒருவர் அல்ல, பல எஜமானர்கள், கூட்டு வியாபாரம். அவள் பல நாள் பவுலின் பின்னாலேயே கத்திக்கொண்டு போனாள். கடைசியில் பவுல் திரும்பி, இயேசு கிறிஸ்துவின் பெயரால் அந்த ஆவியைப் போகச் சொன்னார். போய்விட்டது. அந்த நேரமே அவளுடைய தொழிலும் போய்விட்டது.

எஜமானர்கள் என்ன செய்தார்கள்? ஒரு பிள்ளை சொந்தப் புத்தியோடு நிற்கிறாளே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வருமானத்துக்கான வழி அடைபட்டது என்பது மட்டும்தான் கண்ணில் பட்டது. பவுலையும் சீலாவையும் சந்தைவெளிக்கு இழுத்துப்போய், இவர்கள் நகரத்தைக் கலக்குகிறார்கள், உரோமையர் ஏற்கக்கூடாத முறைமைகளைப் புகுத்துகிறார்கள் என்று வழக்குப் போட்டார்கள். காசு போன ஆத்திரத்துக்கு நாட்டுப்பற்று என்று பெயர். இந்த வித்தை அன்றே இருந்திருக்கிறது பாருங்கள்.

அன்பு மக்களே, இங்கே நம்மை நாமே கேட்டுப் பார்ப்போம். நம் வீட்டில் ஒரு மகள், ஒரு மருமகள், தன்னை அரித்துத் தின்கிற ஒரு வேலையை விட்டுவிட்டு வந்து நின்றால், நம் வாயிலிருந்து முதலில் வரும் கேள்வி எது? "எப்படி இருக்க?" என்பதா, "இனி மாசம் எவ்வளவு வரும்?" என்பதா? இரண்டாவது கேள்வியும் தேவைதான். அரிசி வாங்கியாக வேண்டுமே. ஆனால் அதுவே முதல் கேள்வியாக இருந்தால், நாம் அந்தச் சந்தைவெளியில் யாரோடு நிற்கிறோம்? மனிதருக்காகத்தான் உழைப்பு என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் உழைப்பைப் பற்றிய தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார். அதை மேடையில் சொல்வது சுலபம். அடுப்படியில் சொல்ல முடிகிறதா?

ஆண்களிடம் ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ள வேண்டாம். இட்லிக்கடை மனைவியுடையது. மாவு அரைப்பதும், விடியுமுன் அடுப்புப் பற்ற வைப்பதும் அவர். கடை முன்னால் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை மட்டும் கணவருடைய கணக்குக்குப் போகிறது. காசு விழும் சத்தம் அவர் போனில்தான் கேட்கிறது. நல்ல மனத்தோடு வைத்ததாகவே இருக்கட்டும். அந்தக் கணக்கை இந்த வாரம் மாற்றிக் கொடுங்களேன். வங்கியில் அரை நாள் வேலை. அவருடைய உழைப்பு அவர் கையில் வந்து சேரட்டும்.

உழைப்பின் கூலி உழைத்தவர் கையில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் என்ற அம்மையார் அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல, இலண்டன் மிஷனைச் சேர்ந்தவர். நன்மையை எங்கே கண்டாலும் சொல்லத்தானே வேண்டும். திருவிதாங்கூரில் அப்போது அடிமைமுறை சட்டப்படியே இருந்தது. அது ஒழிந்தது 1855இல்தான். அந்தப் பள்ளியில் பின்னக் கற்ற அடிமைப் பிள்ளைகளில் சிலர், லேஸ் விற்று வந்த காசைச் சேர்த்து, அதைக் கொடுத்தே தங்களை மீட்டுக்கொண்டார்கள். நினைத்துப் பாருங்கள்: ஊசியும் நூலும் பிடிக்கக் கற்ற விரல்கள், தங்கள் விலையைத் தாங்களே எண்ணிக் கொடுத்திருக்கின்றன. பிலிப்பியில் அந்தப் பெயரில்லாத பிள்ளைக்கு அப்படி ஒரு பள்ளி இருந்ததா? தெரியவில்லை. ஆவி போன பிறகு அவளைப் பற்றி லூக்கா ஒரு வரிகூட எழுதவில்லை.

எனக்கு இது நெடுநாளாக உறுத்துகிறது. விடுதலை கிடைத்த அன்று இரவு அவள் எங்கே போய்ப் படுத்தாள்? எஜமானர்கள் வீட்டில் சோறு கிடைத்திருக்குமா? அவளை விடுவித்த பவுலோ சிறையில். பழைய வேலை போயிற்று, புதியது இன்னும் வரவில்லை. அந்த நடு நாள்களை அவள் எப்படித் தாண்டினாள்? நம் பங்கிலும் இன்று சிலர் அந்த நடு நாள்களில் இருக்கிறார்கள். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

ஆனால் 40ஆம் வசனத்தில் ஒரு செய்தி இருக்கிறது. சிறையிலிருந்து வெளியே வந்த பவுலும் சீலாவும் நேரே லீதியாவின் வீட்டுக்குப் போனார்கள். அங்கே சகோதரர் சகோதரிகள் கூடியிருந்தார்கள். பிலிப்பியின் முதல் திருச்சபை ஒரு வியாபாரப் பெண்ணின் வீட்டில் உட்கார்ந்திருந்தது! அந்தக் கூட்டத்தில் ஒரு மூலையில் அந்தப் பிள்ளையும் இருந்திருப்பாளா? சாயத் துணியை மடிக்கவும் அளக்கவும் லீதியா அவளுக்குக் கற்றுக்கொடுத்திருப்பாரா? இது என் ஆசை. மறைநூலில் இல்லாததை இருப்பதாக நான் சொல்லக்கூடாது. ஆனால் லீதியாவின் வீடு போன்ற ஒரு வீடு எதற்காக என்று கேட்டால், எனக்கு வேறு பதில் தோன்றவில்லை.

இன்னும் ஒரு கூட்டத்தாரை மறந்துவிடக்கூடாது. முயன்று பார்த்துத் தோற்றவர்கள். தையல் மிஷின் மேல் போர்வை போர்த்திக் கிடக்கிறது. அடகு வைத்த கம்மல் திரும்பவில்லை. குழு லோனுக்கு வாரா வாரம் கட்ட வேண்டும். வசூலுக்கு வருகிறவர் வாசலில் நின்று சத்தம் போடுகிறார். "சொன்னோமே, கேட்டியா?" என்று சொந்தக்காரர்கள் ஒரு பக்கம். கடைசியில் பழையபடி பீடித்தட்டையே மடியில் எடுத்துக்கொண்டீர்கள். கோயிலுக்கு வரவும் கூச்சமாக இருக்கிறது.

அன்புச் சகோதரியே, பேதுருவும் திரும்பிப் போனவர்தான். உயிர்த்த ஆண்டவரைக் கண்ட பிறகும், மீன் பிடிக்கப் போகிறேன் என்று பழைய படகில் ஏறியவர். அன்று இரவு முழுவதும் ஒன்றும் படவில்லை. விடியும்போது ஆண்டவர் கரையில் நின்றார். மீன் ஏதும் கிடைத்ததா என்று கேட்டார், இல்லை என்றார்கள். ஏன் திரும்பினாய் என்று கேட்கவில்லை. என்னைவிட்டு ஓடினாயே என்று குத்திக்காட்டவும் இல்லை. கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, வந்து சாப்பிடுங்கள் என்றார். சோறு போட்டுவிட்டுத்தான் மற்றப் பேச்சு. நம் ஆண்டவரின் இரக்கம் அப்படிப்பட்டது. தோற்ற இடத்துக்கே அவர் வருவார். நீங்கள் முகம் கழுவிக்கொண்டு வரும்வரை காத்திருக்க மாட்டார். இன்றைய நற்செய்தியில் அவர் வாக்களிக்கும் துணையாளரும், ஊரார் தள்ளிவைக்கும் நேரத்துக்கென்றே அனுப்பப்படுகிறவர்.

அப்படியானால் நம் பங்கு எதைச் செய்யலாம்? பெரிதாக ஒன்றும் வேண்டாம். நம்மிடையே ஊறுகாய் போட்டு, துணி தைத்து, பனை ஓலைப் பெட்டி முடைந்து, ஓரளவு நிமிர்ந்துவிட்ட அக்காமார் இருக்கிறீர்கள். மொத்தச் சரக்கை எந்தக் கடையில் வாங்குவது, யாருக்குக் கடன் கொடுக்கக்கூடாது, கணக்கு நோட்டை எப்படி எழுதுவது என்று அடிபட்டுக் கற்றிருக்கிறீர்கள். ஆளுக்கு ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள். "எனக்குப் போட்டி வந்துவிடுமே" என்ற பயம் வரும். வரட்டும். அதையும் பீடத்தின் முன் கொண்டுவந்து வையுங்கள். தொடங்குகிறவர்களுக்கு ஒன்று: சிறுதொழிலுக்கான அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. சின்ன அளவில் உணவுப்பொருள் விற்கிறவர்களுக்கான பதிவுக்கு அரசு வாங்குவது ஆண்டுக்கு 100 ரூபாய். ஆயிரம், இரண்டாயிரம் கேட்கிறவர்களிடம் ஏமாற வேண்டாம். மறையுரையில் இதையெல்லாம் சொல்வதா என்று சிலர் நினைக்கலாம். சாமியாரிடம் கேட்டுவிட்டு ஏமாறாமல் போன ஒருவர் இருந்தாலும் எனக்குப் போதும். சனிக்கிழமை மாலை பங்கு மண்டபம் திறந்திருக்கும். போனில் பதிவு செய்துகொடுக்க நம் இளைஞர் மன்றப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஆதார் அட்டையைக் கொண்டுவாருங்கள்.

இப்போது மன்றாட்டுகளுக்காக எழுந்து நிற்போம். முதல் மன்றாட்டை இன்று மகளிர் குழுவினர் சொல்வார்கள்: வேலையை விட்டுவிட்டு, அடுத்தது இன்னும் அமையாமல் நம் நடுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக.