பணிகளுக்கும் ஓர் எல்லை

இல்லறத்தார்க்குரிய 5 அணுவிரதங்களுள் இறுதியானது மிகுபொருள் வரைதல். சமந்தபத்திர ஆசாரியர் தமது இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதனை இச்சா பரிமாணம் என்றும் வழங்குகிறார். பொருளோடு விருப்பத்தையும் அளந்து நிறுத்துக என்பது கருத்து. புறப்பற்று 10, அகப்பற்றோ 14.

பயன்படாத பாத்திரங்களையும் துணிகளையும் நாம் எளிதில் கொடுத்துவிடுகிறோம். ஆண்டுக்கணக்கில் வகித்த பொறுப்புகளை விடுவதற்கோ மனம் வருவதில்லை. “நாம் விலகினால் பணி நின்றுவிடுமே” என்கிறோம். விலகுதல் கடமை தவறுதல் ஆகாதா எனவும் வினவுகிறோம். ஏற்ற வாக்கை இடையில் கைவிடுதல் குற்றமே. இளையோரைப் பழக்கி, பணியை அவர்களிடம் ஒப்படைத்து விலகுதல் அறமாகும். பழக்குவதற்கும் மனம் இசையவில்லையெனில், நம்மைப் பிணித்திருப்பது அகப்பற்றுள் ஒன்றாகிய மானம், அதாவது செருக்கு, என்று உணர்தல் வேண்டும்.

ஆகவே, வீட்டுப் பொருள்களுக்கு எல்லை வகுக்குங்கால், ஏற்கும் பணிகளுக்கும் ஓர் எல்லை வகுப்போமாக.