நோயும் குற்றமோ?

காய்ச்சலால் நடுங்கும் உடல். கஞ்சியும் இறங்காத தொண்டை. பாயிலே கிடக்கிறான் பாட்டாளி. வாயிற்படியிலே அஞ்சற்காரர் குரல். ஆலையிலிருந்து கடிதம்! நலம் கேட்டு எழுதியிருப்பார்களோ என்று ஆவலோடு பிரிக்கிறாள் மனைவி. இல்லை! எட்டு நாட்களாக அவன் வேலைக்கு வரவில்லையாம்; ஆகவே, தானாகவே வேலையை விட்டு விலகிவிட்டதாகக் கருதப்படுகிறானாம்! பாயை விட்டு எழ முடியாதவன், வேலையை விட்டு எழுந்து போய்விட்டான் என்கிறது தாள். என்னே விந்தை!

நாம் கேட்கிறோம்: குற்றம் என்பது எது? அறிந்து செய்வது, விரும்பிச் செய்வது, செய்யாதிருக்க முடிந்தும் செய்வது. விரும்பி நோயுற்றவர் எவரேனும் உண்டோ? மலேரியாவை மாலையிட்டு அழைத்தவர் யார்? மனம் கலவாத செயலுக்கு மனிதனைப் பொறுப்பாளியாக்குவது நீதியாகுமோ?

இதிலே ஒரு பழைய நஞ்சு ஒளிந்திருக்கிறது, தோழர்களே! நோய் என்பது முற்பிறவிப் பாவத்தின் பயன் என்று நம் மக்களுக்கு நெடுங்காலம் ஓதினர். தொழுநோயாளியை ஊருக்கு வெளியே துரத்தியபோது, அவன் செய்த வினை என்று கூறி நெஞ்சை ஆற்றிக்கொண்டனர். ஆனால் வள்ளுவரோ, மருந்து பற்றிய அதிகாரத்தைப் பொருட்பாலிலே வைத்தார். உடலுக்குள் மிகுவதும் குறைவதுமே நோய்க்குக் காரணம் என்றார். காரணம் தேடு, களை என்பது அறிவின் வழி. நோயாளியையே குற்றவாளியாக்கு என்பது வினைக்கொள்கையின் வழி. அன்று ஏட்டுச்சுவடியில் இருந்த அந்தக் கொள்கை, இன்று தட்டச்சுப் பொறியில் ஏறி அலுவலக முத்திரையோடு வருகிறது. உடை மாறியது, உள்ளம் மாறவில்லை.

கற்பனை பேசுகிறோம் என எண்ண வேண்டாம். சென்னை பக்கிங்காம் கர்னாடிக் ஆலையின் தொழிலாளி ஒருவர் 1957 சனவரியில் சில நாள் விடுப்பில் சென்றார். விடுப்பு முடிந்தும் திரும்பவில்லை. மார்ச்சு மாதம், மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் தம்மைக் கிடத்திவிட்டன என்று கடப்பை அரசு மருத்துவரின் சான்றிதழோடு விளக்கம் தந்தார். தொழிலாளர் அரசு ஈட்டுறுதிக் கழகம் அதனை ஏற்று நோய்க்கால உதவித் தொகையும் அளித்தது. ஆலையோ ஏற்கவில்லை. எட்டு வேலை நாள் விடுப்பின்றி வராதவர் வேலையை விட்டவராவார் என்பது அதன் நிலையாணை. தக்க விளக்கம் தந்தால் மன்னிக்கலாம் என்றும் அதிலே உண்டு. ஆனால், தக்கதா என்று முடிவு செய்வது யார்? அதே நிர்வாகம்! குற்றம் சாட்டுபவரே தீர்ப்பும் எழுதும் முறை!

நோய்க்கால உதவி பெறும் நாட்களில் தொழிலாளியை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று 1948 ஆம் ஆண்டின் ஈட்டுறுதிச் சட்டம், 73 ஆம் பிரிவில் தெளிவாகவே கூறிற்று. எனினும் 1963 இல் உச்சநீதிமன்றம் ஆலையின் பக்கமே தீர்ப்பளித்தது. இது தண்டனையன்று, நிலையாணையின்படி வேலை தானே முடிந்துவிட்டது என்பது வாதம். தானே முடிந்ததாம்! வெட்டியவன் கை தெரியவில்லை. விழுந்த தலை மட்டும் தெரிகிறது.

முதலாளி தரப்பிலும் ஒரு கேள்வி உண்டு. அதை மறைப்பது பகுத்தறிவாளருக்கு அழகன்று. ஆள் வராவிட்டால் தறி நிற்கும். பொய்ச் சான்றிதழ் வாங்கி ஊர் சுற்றுவோரும் உளர் என்கின்றனர். உளர், மறுக்கவில்லை. ஒருவன் ஏய்த்தால், உடன் உழைக்கும் தோழன் தலையில்தான் அந்தச் சுமையும் விழுகிறது. ஆயினும், ஐயம் என்பது ஆராய்ச்சிக்குத் தொடக்கம், தண்டனைக்குக் காரணமன்று. ஐயமா? விசாரியுங்கள். மருத்துவரைக் கேளுங்கள். அவனையும் பேச விடுங்கள். விசாரிக்க மனமில்லாதவர், நாட்காட்டியை நீதிபதியாக அமர்த்துகிறார். எட்டு என்ற எண்ணுக்குக் கண் உண்டோ? காது உண்டோ?

காலம் மெல்ல நகர்ந்தது. 1993 இல், யாதவ் என்பாருக்கும் ஜே.எம்.ஏ. இண்டஸ்ட்ரீசுக்கும் இடையே நடந்த வழக்கிலும் அதே எட்டு நாள் விதிதான் எதிர்நின்றது. வேலைக்கு வந்த தம்மை வாயிலிலேயே தடுத்தனர் என்பது அத்தொழிலாளியின் முறையீடு. விதி இருந்தாலும் விசாரணையின்றி வேலையைப் பறிக்கலாகாது. பிழைப்பைப் பறிப்பது உயிர்வாழும் உரிமையைத் தொடுவதாகும் என்றது உச்சநீதிமன்றம். பாதி ஊதிய நிலுவையோடு அவரை மீண்டும் வேலையில் அமர்த்தியது. 2012 இல், பர்மார் என்னும் மைய அரசு ஊழியரின் வழக்கில் இன்னும் ஒருபடி மேலே சென்றது. வராமை எல்லாம் வேண்டுமென்றே வராமை ஆகாது. நோய், விபத்து, மருத்துவமனை எனத் தடைகள் இருக்கலாம். வேண்டுமென்றே வரவில்லை என்று மெய்ப்பிக்காமல் அதனைக் குற்றமாக்க முடியாது என்றது. நாம் தொடக்கத்தில் கேட்டோமே, மனம் கலவாத செயல் குற்றமா என்று! அந்தக் கேள்விக்கு நீதிமன்றம் தந்த விடை இது. 1957 இல் கடிதம் பெற்றவருக்கு இது பயன்படவில்லை. காலம் கடந்து வந்த நீதி!

2020 இல் நாடாளுமன்றம் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பினுள் அடக்கிற்று. ஏட்டின் பெயர் மாறலாம். ஏழையின் காய்ச்சல் மாறாது. ஈட்டுறுதி அட்டையே காணாத வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் கடிதம் கூட வருவதில்லை. 'நாளை முதல் வராதே' என்ற ஒரே சொல், அத்தோடு சரி!

உரிமை என்பது ஏட்டில் உறங்கும் வரை எழுத்துத்தான். எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்தால்தான் உயிர் பெறும். படுத்தவுடன் ஆலைக்குத் தெரிவிக்க வேண்டும். சான்றிதழுக்குப் படி எடுத்து வைக்க வேண்டும். வந்த கடிதத்துக்குக் காலத்தே மறுமொழி எழுதி, விசாரணை கேட்க வேண்டும். ஆனால், காய்ச்சலில் கிடப்பவன் எப்படி எழுதுவான்? எழுதத் தெரிந்த இளைஞனே, நீ எதற்கு இருக்கிறாய்? மேடையில் நீ ஆயிரம் பேரிடம் பேசுவதிலும் பெரிது, பக்கத்துக் குடிசையில் பாயருகே அமர்ந்து நீ எழுதித் தரும் ஒரு கடிதம்.

நோய்க்கு மருந்து தருவது மருத்துவம். நோயாளிக்கு நீதி தருவதே நாகரிகம்!