பொறுமையும் வெருட்டலும்

பொறுத்தார் பூமியாள்வார் என்பது எம்மவர் ஒவ்வொருவருக்கும் சிறு வயதிலேயே ஊட்டப்பட்ட பாடம். புலம்பெயர்ந்து இலண்டன் மாநகரில் வாழ வந்த எமக்கு அந்தப் பாடம் பெரிதும் கைகொடுத்தது. இரவு வேலை, குளிர், பழகாத மொழி, படித்த படிப்புக்குப் பொருந்தாத தொழில் என்று எத்தனையோ இடர்களைப் பொறுமையால்தான் கடந்தோம். ஆயினும் எதைப் பொறுப்பது, எதுவரை பொறுப்பது என்ற கேள்வியை நாம் கேட்பது குறைவு.

அண்மையில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பிரசாதம் வாங்கும் நேரத்தில் ஒரு தாய் எம்மிடம் வந்தார். மகன் பட்டம் பெற்று வேலைக்குப் போய் எட்டு மாதமாம். "ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆனால் பிள்ளை சாப்பிடுறான் இல்லை அண்ணை. மனேஜர் எல்லாருக்கும் முன்னால வைச்சுப் பேசுறாராம். இவன் வாய் திறந்தால் மற்றவையும் சிரிக்கினமாம். வேலையை விடட்டோ எண்டு கேக்கிறான். நீங்கள் ஒருக்கால் புத்தி சொல்லுங்கோ" என்றார். நாமும் வழக்கம்போல, "கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ தங்கச்சி, ஒரு வருசம் போனால் எல்லாம் சரிவரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். வீடு வந்து சேர்ந்த பின் அந்தப் பதில் எம்மை உறுத்தத் தொடங்கியது. அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தையும் கேளாமல் பொறுமையை மருந்தாக எழுதிக் கொடுத்துவிட்டோமே!

ஆங்கிலத்தில் 'புல்லியிங்' என்று சொல்வதற்கு யாழ்ப்பாணத்துப் பேச்சில் நல்ல சொல் ஒன்று உண்டு. அது வெருட்டுதல். ஒருவரை அச்சத்தில் வைத்து ஆள்வது என்று பொருள். வேலைத்தலத்தில் கண்டிப்பு எல்லாம் வெருட்டல் ஆகிவிடாது. பிழை விட்டவரைத் திருத்துவது மேலாளரின் கடமை. கணக்காளராகிய எமக்கு இது நன்கு தெரியும். பேரேட்டில் பிழை இருந்தால் சிவப்பு மையால் கோடு போடுவார்கள், திருத்தி எழுதச் சொல்வார்கள். அது பிழையைப் பற்றிய பேச்சு. பிழையை விட்டுவிட்டு ஆளையே பிழையாக்குவதுதான் வெருட்டல். எல்லோர் முன்னும் ஏளனம் செய்தல், உச்சரிப்பைப் பார்த்துச் சிரித்தல், கூட்டங்களுக்கு அழைக்காமல் விடுதல், முடிக்க முடியாத வேலையைக் கொடுத்துவிட்டு முடிக்கவில்லை என்று ஏசுதல், செய்த வேலையின் பெருமையைத் தான் எடுத்துக்கொள்ளுதல் இவையெல்லாம் அதில் அடங்கும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் சிறிய விடயமாகவே தோன்றும். நாள்தோறும் சேர்ந்து வரும்போது ஒரு மனிதர் தம்மையே நம்ப முடியாத நிலைக்கு வந்துவிடுகிறார்.

"பகிடிக்குத்தானே செய்தோம்" என்பது வெருட்டுவோர் வழக்கமாகச் சொல்லும் சாட்டு. பகிடி எங்கே போய் முடியும் என்பதை எமது நாடு பெரும் விலை கொடுத்து அறிந்தது. 1997ஆம் ஆண்டு பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர் செல்வநாயகம் வரப்பிரகாஷ் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்தார். மறு ஆண்டு, 1998இன் 20ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் கல்வி நிலையங்களில் பகிடிவதை குற்றமாக்கப்பட்டது. அதற்கு முன்னர் எத்தனையோ பிள்ளைகளிடம் "எல்லாரும் பட்டதுதான், பொறுத்துக்கொள்" என்று பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள் அல்லவா?

அப்படியானால் பொறுமை தர்மம் இல்லையா என்று கேட்கலாம். இங்கே திருவள்ளுவரை நோக்குவது பொருத்தம். பொறையுடைமை என்பது திருக்குறளில் 16ஆவது அதிகாரம். அது இல்லறத்தில் வாழ்பவனுக்குச் சொல்லப்பட்டது. அதை நாம் அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். 57ஆவது அதிகாரத்தை அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை. அதன் பெயர் வெருவந்தசெய்யாமை. பிறர் அஞ்சி நடுங்கும் செயல்களைச் செய்யாதிருத்தல் என்பது பொருள். எமது பேச்சில் உள்ள 'வெருட்டு' என்ற சொல்லும் அந்த 'வெரு' என்ற வேரிலிருந்தே வருகிறது. அந்த அதிகாரம் ஆள்பவனுக்குச் சொல்லப்பட்டது. தண்டிக்கவே கூடாது என்று வள்ளுவர் அங்கே கூறவில்லை. விசாரித்து, குற்றத்துக்கு ஏற்ற அளவில் தண்டிக்கலாம் என்கிறார். கடுஞ்சொல்லும் அளவு மீறிய தண்டனையும் ஆள்பவனுடைய வலிமையையே அரம்போலத் தேய்த்துவிடும் என்றும் எச்சரிக்கிறார்.

ஆகவே பொறுமை என்பது பொறுப்பவன் தன் விருப்பத்தால் கொடுப்பது. அதிகாரத்தில் இருப்பவன் அதைக் கடனாகக் கேட்டு வாங்க உரிமை இல்லை. பதில் சொல்லும் வலிமை இருந்தும் மன்னித்துப் பேசாதிருந்தால் அது பொறுமை. வேலை போய்விடும், விசா போய்விடும், வீட்டுக்கடன் கட்ட முடியாது என்று பயந்து பேசாதிருந்தால் அது அச்சம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். உள்ளே இருப்பவருக்குத்தான் வித்தியாசம் தெரியும். அச்சப்படுவது குற்றம் என்று நாம் சொல்ல வரவில்லை. அந்த அச்சத்துக்குப் பொறுமை என்று பெயர் சூட்டி, அதைப் பிள்ளைகளுக்கும் உபதேசம் செய்வதுதான் தவறு.

திருநாவுக்கரசு சுவாமிகளின் வரலாற்றை அடியார்கள் நன்கு அறிவர். பல்லவ மன்னன் ஆள் அனுப்பி அழைத்தபோது அவர் வாள் எடுக்கவில்லை, ஒளிந்து ஓடவும் இல்லை. பதில் சொன்னார். அந்தப் பதிகத்துக்கே மறுமாற்றத் திருத்தாண்டகம் என்றுதான் பெயர். மறுமாற்றம் என்றால் மறுமொழி. அதன் பின்னர்தான் நீற்றறையும் நஞ்சும் யானையும் கல்லும் வந்தன என்று பெரியபுராணம் கூறுகிறது. அவற்றை அவர் பொறுத்தார். முதலில் மறுமொழி, பிறகு பொறுமை என்ற அந்த ஒழுங்கை நாம் கவனிக்க வேண்டும்.

"அப்பருக்குச் சிவன் துணை நின்றார், எங்களுக்கு யார் இருக்கினம்?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. எம்மைப் போல் வந்து குடியேறிய ஒருவர் இதே இலண்டனில் அதற்கு விடை தந்திருக்கிறார். வில்ஸ்டன் பகுதியில் கிரன்விக் என்ற புகைப்படம் கழுவும் தொழிற்சாலை இருந்தது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த ஆசியப் பெண்கள். கழிவறைக்குப் போவதற்கும் அனுமதி கேட்க வேண்டியிருந்தது என்றும், மேலதிக நேர வேலையைக் கடைசி நேரத்தில் சொல்லிக் கட்டாயப்படுத்தினார்கள் என்றும் அவர்கள் கூறினார்கள். 1976 ஓகஸ்ட் 20ஆம் திகதி, சேலை உடுத்த சிறிய உருவம் கொண்ட ஜெயாபென் தேசாய் என்ற குஜராத்திப் பெண்மணி, மனேஜரின் முகத்துக்கு நேரே மறுமொழி சொல்லிவிட்டு வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் நூற்றுக்கு மேற்பட்டோர் வந்தனர். கிரிக்கிள்வுட் தபால் ஊழியர்கள் அந்தக் கொம்பனியின் தபால்களைக் கையாள மறுத்தார்கள். 1977 யூலையில் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான வெள்ளைக்காரத் தொழிலாளர்கள் அந்தப் பெண்களுக்காக வந்து தெருவில் நின்றார்கள்.

அவர்கள் வென்றார்களா என்றால் இல்லை. விலக்கப்பட்டவர்களைத் திரும்ப எடுக்கும்படி ஸ்கார்மன் விசாரணைக்குழு பரிந்துரை செய்தும் கொம்பனி மறுத்தது. 1978 யூலையில் போராட்டம் முடிவுக்கு வந்தது. ஆனாலும் ஆசியப் பெண்கள் எதையும் பேசாமல் தாங்குவார்கள் என்ற எண்ணம் அதன்பின் இந்த நாட்டில் பழையபடி நிற்கவில்லை. தேசாய் அம்மையார் 2010இல் காலமானார். மறுமொழி சொன்னால் வெற்றி நிச்சயம் என்று எவரும் உறுதி தர முடியாது. ஆனால் வெட்கப்பட வேண்டியவர் யார் என்பது அந்த மறுமொழியால் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது.

வெருட்டல் தொழிற்சாலையில் மட்டும் நடப்பதன்று. இலண்டன் நகரின் டொய்ச்சே வங்கியில் பணிபுரிந்த ஹெலன் கிரீன் என்பவரின் வழக்கில் 2006ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. உடன் வேலை செய்த சிலர் அவரை ஒதுக்கி வைத்ததும், அவர் நடக்கும்போது வாயால் கேலி ஒலி எழுப்பியதும், சேர்ந்து சிரித்ததும் அங்கே விசாரிக்கப்பட்டன. எழுதி வைத்தால் சிறுபிள்ளை விளையாட்டுப் போன்றவை. அவற்றால் அவர் நோயுற்றார். மேலாளர்கள் தெரிந்தும் தடுக்கவில்லை என்று நீதிமன்றம் கண்டு, 8 இலட்சம் பவுணுக்கு மேல் நட்டஈடு வழங்கியது. வெருட்டியவர்களோடு, பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்பதை அந்தத் தீர்ப்பு உணர்த்தியது.

சட்டத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். பிரித்தானியச் சட்டத்தில் வெருட்டல் என்ற பெயரில் தனியொரு குற்றம் இல்லை. ஆனால் இனம், மதம், வயது, பால், உடற்குறைபாடு போன்றவை தொடர்பான துன்புறுத்தலை 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் தடை செய்கிறது. பெயரையும் நிறத்தையும் திருநீற்றையும் கேலி செய்வது அதற்குள் அடங்கலாம். 1997ஆம் ஆண்டின் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் உண்டு.

வெருட்டலுக்கு ஆளானவர் முதலில் செய்ய வேண்டியது எழுதி வைப்பது. வவுச்சர் இல்லாத செலவைக் கணக்காய்வாளர் ஏற்க மாட்டார். திகதி, நேரம், சொன்ன சொல், அருகில் நின்றவர் பெயர் ஆகியவற்றை அன்றன்றே சொந்தக் கொப்பியில் குறித்து வைக்க வேண்டும். இரண்டாவது, நம்பிக்கையான ஒருவரிடம் சொல்ல வேண்டும். தொழிற்சங்கத்தில் சேர்ந்திருந்தால் நல்லது. உறக்கமும் உணவும் குறைந்தால் வைத்தியரிடமும் சொல்ல வேண்டும். அதன் பிறகு முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்கலாம். அந்த விசாரணைக்குத் தொழிற்சங்கப் பிரதிநிதியையோ உடன் வேலை செய்பவரையோ கூட்டிக்கொண்டு போகும் உரிமை 1999ஆம் ஆண்டின் சட்டத்தால் கிடைத்திருக்கிறது. அகாஸ் என்ற சமரச நிறுவனம் இலவசமாக ஆலோசனை தருகிறது. தொழில் நியாயசபைக்குப் போவதற்குரிய தவணை சில மாதங்கள் மட்டுமே என்பதால் தாமதிக்கக் கூடாது. கோபத்தில் இராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன் கட்டாயம் ஆலோசனை பெற வேண்டும். எல்லாம் செய்தும் சரிவராவிட்டால் வேறு வேலை தேடிப் போவது தோல்வி ஆகாது.

இவ்வளவும் எழுதிய பின் எமது சொந்தக் கணக்கையும் காட்டாமல் விடுவது நேர்மையன்று. பல ஆண்டுகளுக்கு முன் எம்மவர் ஒருவரின் கடைக்கு நாம் கணக்கு எழுதினோம். அங்கே ஒரு தம்பி வேலை செய்தார். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராதவர். அவர் பெயர் சம்பளப் புத்தகத்தில் இருக்கவில்லை. "ஹோம் ஒபிசுக்கு ஒரு ரெலிபோன் போட்டால் காணும்" என்று முதலாளி அவரிடம் சொன்னதை ஒருநாள் எமது காதாலேயே கேட்டோம். அந்தத் தம்பி எம்மைப் பார்த்தார். நாம் குனிந்து ரசீதுகளை அடுக்கினோம். முதலாளியிடம் சம்பளக் கணக்கைப் பற்றிக் கேட்டோம். அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்கவில்லை. மறு வருடம் அந்தக் கடைக் கணக்கை எடுக்காமல் விட்டோம், ஏன் விடுகிறோம் என்றும் சொல்லவில்லை. நாமும் ஒரு காலத்தில் அதே ஹோம் ஒபிஸ் கடிதத்துக்காகக் காத்திருந்தவர்தான். அப்போது நாம் காட்டியது பொறுமையும் அல்ல, பெருந்தன்மையும் அல்ல.

வெள்ளைக்கார மனேஜர் எம்மை ஏசினால் அதை இனவாதம் என்கிறோம். எம்மவர் எம்மவரை ஏசினால் "முதலாளி கொஞ்சம் கோபக்காரர், மனம் நல்லது" என்று சமாதானம் சொல்கிறோம். வெருவந்தசெய்யாமை கடை முதலாளிக்கும், பெற்றோல் நிலைய மனேஜருக்கும், கோயில் நிர்வாக சபைக்கும், வீட்டில் அதிகாரம் செலுத்தும் எமக்கும் பொதுவானது. ஒவ்வொருவரும் தமக்குக் கீழே இருப்பவர் தம் காலடிச் சத்தம் கேட்டு என்ன நினைக்கிறார் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நன்று.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளையைக் கோயிலில் சந்தித்தோம். இம்முறை புத்தி சொல்லவில்லை. "என்ன நடந்தது தம்பி?" என்று கேட்டோம். வாகனத் தரிப்பிடத்தில் நின்றபடியே நெடுநேரம் சொன்னார். ஏறத்தாழ எட்டு மாதமாக ஒருவரும் தன்னிடம் இப்படிக் கேட்கவில்லை என்றார். ஒரு கொப்பி வாங்கி எழுதத் தொடங்கும்படி சொன்னோம். முறைப்பாட்டுக் கடிதத்தைச் சேர்ந்து எழுதுவதாகவும் வாக்குக் கொடுத்திருக்கிறோம். முடிவு எப்படி அமையுமோ தெரியாது. இம்முறை ரசீது அடுக்கிக்கொண்டிருக்கப் போவதில்லை.

அஞ்சி வருபவர்க்கு அபயம் அளிக்கும் திருக்கரத்தைத்தான் நாம் சந்நிதியில் கண்டு வணங்குகிறோம். எம்மை நாடி வருபவரிடம் "பொறு" என்று சொல்வதற்கு முன் "என்ன நடந்தது" என்று கேட்கும் மனத்தை எல்லாம் வல்ல இறைவன் எமக்கு அருள்வானாக.