கடன் எப்போது குற்றமாகிறது?

திருவண்ணாமலையை வலம்வரும் 14 கிலோமீட்டர்ப் பாதையில், பெரிய கோயிலுக்கு மறுபுறத்தில் அமைந்துள்ள அடி அண்ணாமலை இன்று பல மொழிகள் கேட்கும் சிற்றூராகிவிட்டது. ரமணர் 1950ஆம் ஆண்டில் மறைந்த பின்னரும் அவருடைய ஆசிரமத்தை நாடிவரும் மேனாட்டார் குறையவில்லை. அவர்களுள் ஜெர்மானியரும் உளர். விருந்தினராய் வந்துபோகும் அயல்நாட்டார் இந்நாட்டில் வீடு வாங்கச் சட்டம் இடந்தராது. ஆகவே அவர்கள் வாடகைக்குக் குடியிருக்கின்றனர். அவர்களுடைய ஆன்மிக நாட்டம் நம் ஆய்வுக்குரியதன்று. அவர்களுடைய மொழியில் வழங்கும் ஒரு சொல்லே நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

அரபு பயின்றோர்க்கு ஜெர்மன் மொழி முற்றிலும் அந்நியமாய்த் தோன்றாது. அரபியில் சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால், ஜெர்மனிலும் அவ்வாறே. சொற்களை ஒன்றோடொன்று கோத்து நெடுந்தொகையாக்குவதில் அது நம் தமிழையும் விஞ்சும். நிற்க. நாம் குறிப்பிட வந்த சொல் ‘ஷுல்ட்’ என்பது. குற்றம் என்பது அதன் பொருள். அச்சொல்லின் பன்மையாகிய ‘ஷுல்டன்’ என்பதற்கோ பட்ட கடன் என்று பொருள். வங்கியில் கடன் வாங்கியவனும் நீதிமன்றத்தில் குற்றவாளியாய் நிற்பவனும் அம்மொழியில் ஒரே வேர்ச்சொல்லால் சுட்டப்படுகின்றனர். ஜெர்மானியக் கிறித்தவர் அன்றாடம் ஓதும் பிரார்த்தனையில் இறைவனிடம் மன்னிக்க வேண்டுவதும் இந்த ஷுல்டையே. அதே பிரார்த்தனையைத் தமிழ் வேதாகமம் ‘கடன்’ என்றே பெயர்த்திருக்கிறது.

தமிழில் கடன் என்பது வேறு திசையில் செல்கிறது. காலைக்கடன், நேர்த்திக்கடன், இறுதிக்கடன் என்னும் வழக்குகளில் அது செய்யவேண்டிய செயலைக் குறிக்கிறது. கடமை என்ற சொல்லும் அதன் உடன்பிறப்பே. அரபியில் தால், யா, நூன் என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்து கடனைக் குறிக்கும் ‘தைன்’ என்ற சொல்லும், மார்க்கத்தைக் குறிக்கும் ‘தீன்’ என்ற சொல்லும் தோன்றுகின்றன. தொழுகைதோறும் நாம் ஓதும் அல்ஃபாத்திஹாவில் தீர்ப்பு நாளைச் சுட்டுவதும் அந்தத் ‘தீன்’ என்ற சொல்லே. ஆக, ஒருமொழி கடனைக் குற்றத்தோடும், ஒருமொழி கடமையோடும், ஒருமொழி கணக்குத் தீர்க்கும் நாளோடும் இணைத்து வைத்திருக்கிறது. இவற்றுள் எது உண்மைக்கு அண்மையில் நிற்கிறது?

ஜெர்மானியத் தத்துவஞானி நீட்சே 1887ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒழுக்கத்தின் தோற்றம் பற்றிய நூலில், குற்றவுணர்வு என்பதே கடன் கொடுக்கல் வாங்கலிலிருந்து பிறந்தது என்று வாதிட்டார். கடனைத் திருப்பித் தராதவனை வருத்தி இன்புறும் உரிமை பண்டைக் காலத்தில் கடன் கொடுத்தவனுக்கு இருந்ததென்றும், அக்கொடுமையே பின்னர் மனச்சாட்சியாய் உள்ளே திரும்பியதென்றும் அவர் கருதினார். மனச்சாட்சியின் பிறப்பை அவர் கணக்குப் புத்தகத்தில் தேடியதை நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும் கடனாளியின் தலைகுனிவில் கடன் கொடுத்தவனுக்கு ஓர் இன்பம் உண்டு என்று அவர் கண்டது மெய்யே. நம் தெருக்களில் வட்டிக்கடைக்காரன் வாசலில் நின்று குரலுயர்த்துவதைக் கேட்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இச்சொல்லின் கசப்பை நம் மண்ணிலேயே நுகர்ந்த ஜெர்மானியர் ஒருவர் இருந்தார். 1740ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்து, 1742இல் சென்னைக்குப் பெயர்ந்த ஃபாபிரீசியஸ் என்னும் பாதிரியார், வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்தவர். 1779இல் தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றையும் அச்சிட்டவர். பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தை அவர் வட்டிக்கு விட்டார். அது திரும்பவில்லை. தமிழ்ச் சொல் ஒவ்வொன்றுக்கும் பொருள் தேடியெழுதிய அப்பெரியவர் முதுமையில் கடனாளிச் சிறையில் கிடந்தார், 1791இல் மறைந்தார். அவர் செய்தது குற்றமா, கடனா? பிறர் பணத்தை வட்டியில் முடக்கியது தவறென்போம். ஆனால், கையில் ஒன்றுமில்லாத கிழவரைச் சிறையில் வைத்ததால் எவருடைய காசு திரும்பி வந்தது?

நம் மார்க்கத்தில் கடன் அற்பமானதன்று. உயிர்த்தியாகம் செய்தோரின் பிற பிழைகள் மன்னிக்கப்படினும் கடன் மன்னிக்கப்படுவதில்லை என்பது ஹதீஸ். இரண்டு தீனார் கடன் வைத்து மரித்த ஒருவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்தாமல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பிச் செல்ல முற்பட்டார்கள். அக்கடனை அபூகதாதா (ரலி) அவர்கள் தம் பொறுப்பில் ஏற்ற பின்னரே தொழவைத்தார்கள். அத்தோடு விட்டுவிடவுமில்லை. பின்னரும் அந்த இரண்டு தீனார் என்னவாயிற்று என்று விசாரித்து, அது தீர்க்கப்பட்டதென்று அறிந்த பிறகே, இப்போதுதான் அவருடைய மேனி குளிர்ந்தது என்னும் கருத்துப்படக் கூறினார்கள்.

இவ்வளவு கடுமை காட்டிய பெருமானாரின் போர்க்கவசமோ, அவர்கள் மறைந்தபோது, குடும்பத்துக்கு வாங்கிய வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது! கடன் தன்னளவிலேயே குற்றமாயின் இஃது எங்ஙனம் பொருந்தும்? கடன்சுமையிலிருந்து அவர்கள் அடிக்கடி பாதுகாவல் தேடுவதன் காரணத்தை வினவியபோது, கடன்பட்டவன் பேசினால் பொய்யுரைக்கிறான், வாக்களித்தால் மீறுகிறான் என்று விளக்கம் தந்தார்கள். வசதியிருந்தும் இழுத்தடிப்பதே அநீதி என்று வேறோரிடத்தில் வரையறுத்தார்கள். ஆகவே, கடன் குற்றமாக மாறும் இடம் வாங்கிய கணமன்று. கொடுக்க இயன்றும் கொடாத கணமும், கொடுக்கும் எண்ணமின்றி வாங்கிய கணமுமே. இயலாதவனைப் பற்றித் திருமறையின் கட்டளை கடன் கொடுத்தவனை நோக்கியே இறங்கியது: வசதி வரும்வரை அவனுக்கு அவகாசம் கொடுக்கவேண்டும், விட்டுக்கொடுத்தல் அதனினும் சிறந்தது.

இவ்வகையில் ஜெர்மானியரின் இன்றைய வாழ்வைப் பார்ப்பது பயனுடைத்து. அந்நாட்டில் சரிபாதிக்கும் மேற்பட்டோர் வாடகை வீட்டில் வாழ்கின்றனர். அதனை அங்கே யாரும் தாழ்வாய்க் கருதுவதில்லை. வீடு வாங்குவோர் நோட்டரி முன்னிலையில் பத்திரம் எழுதி, நிலப்பதிவேட்டில் பெயர் ஏற்றவேண்டும். வாடகைக்குக் கேட்பவரிடமும், அவர் கடன்களை ஒழுங்காய்த் தீர்த்தவரா என்று காட்டும் ‘ஷூஃபா’ நிறுவனத்தின் சான்றிதழை வீட்டுக்காரர் கேட்பதுண்டு; 1927ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனம் அது. கடனாளியின் பெயர் அங்கே எளிதில் மறக்கப்படுவதில்லை. எனினும் நொடித்துப்போன தனிமனிதன் மூன்றாண்டுகள் நேர்மையாய் உழைத்து இயன்றதைச் செலுத்தினால், எஞ்சிய கடன்களில் பெரும்பாலானவற்றிலிருந்து விடுவிக்கும் சட்டத்தையும் அவர்கள் 2020இல் இயற்றினர். சொல் கடுமையாயிருப்பினும் சட்டம் கனிந்திருக்கிறது!

நாடாகிய கடனாளியின் கதையும் உண்டு. 1953ஆம் ஆண்டு லண்டன் உடன்படிக்கையில் மேற்கு ஜெர்மனியின் வெளிக்கடனில் ஏறத்தாழப் பாதி தள்ளுபடியாயிற்று. எஞ்சியதைத் தீர்க்க நீண்ட தவணையும் கிடைத்தது. அவகாசம் பெற்று எழுந்த அந்நாடே 2009இல் அரசு கடன் வாங்குவதைக் கட்டுப்படுத்தும் ‘ஷுல்டன்பிரெம்சே’ என்னும் விதியை அரசியலமைப்பில் எழுதிக்கொண்டது. அவ்விதியைச் சுட்டி அரசியலமைப்பு நீதிமன்றம் 2023 நவம்பரில் 6,000 கோடி யூரோ ஒதுக்கீட்டைச் செல்லாதென்றது. அதனையொட்டிய பூசலில் 2024 நவம்பரில் கூட்டணி அரசே கவிழ்ந்தது. 2025 மார்ச்சில் விதியைத் தளர்த்தினர். பழுதடைந்த பாலத்தைச் செப்பனிடக் கடன் வாங்குவது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகமா, வாங்காதிருப்பதுதான் துரோகமா என்பதே அவர்களுடைய வழக்கு. கடனைக் குற்றமென்று மட்டும் எண்ணினால் இவ்வினாவுக்கு விடை கிடைக்காது. கடமை என்றும் எண்ணும் தமிழர்க்கு அது சற்று எளிதில் விளங்கும்.

இது தூரதேசத்துச் செய்தியென்று நம் வாசகக் குடும்பங்கள் ஒதுக்கிவிட முடியாது. இந்தியத் தொழில்திறனாளர்க்கு ஆண்டுக்கு 20,000 ஆக இருந்த விசாக்களை 90,000 ஆக உயர்த்துவதாய் ஜெர்மனி 2024 அக்டோபரில் அறிவித்தது. அங்குப் படிக்கச் செல்லும் மாணவர் ஓராண்டுச் செலவுக்கென 11,904 யூரோவை முன்கூட்டியே வங்கியில் முடக்கிக் காட்டவேண்டும். நம் நாணயத்தில் பத்து லட்சத்துக்கும் மேல். அதற்காக வாப்பா வட்டிக்கடன் வாங்குகிறார். உம்மாவின் நகை அடகுக்குப் போகிறது. வீடு போக்கியத்துக்கு விடப்படுகிறது. போக்கியம் என்பது வாடகையின்றி வீட்டை அனுபவிக்கக் கொடுத்துப் பெறும் கடனாதலின், கடனால் ஆதாயம் பெறுவதாகிய ரிபா அதிலும் புகுந்துவிடுகிறது என்று நம் ஆலிம்களில் பலர் தீர்ப்பளித்துள்ளனர்.

வட்டி ஹராம் என்பதில் நமக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் அந்த வாப்பாவை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது, ஜெர்மன் சொல்லைப் போலவே, சுமை முழுவதையும் வாங்கியவன் தலையில் வைப்பதாகும். அவர் வங்கிப் படியேறும் முன் எத்தனை உறவினர் வாசலில் நின்றார்? கிரிவலப் பாதையில் மனை வாங்கிப்போடப் பணம் வைத்திருந்த எத்தனை பேர், ‘இப்போது கையில் இல்லையே’ என்றனர்? அவ்விடையும் கணக்கில் சேரும். அழகிய கடன் கொடுத்து, திருமறையின் மிக நீண்ட வசனம் கட்டளையிட்டபடி தவணையைக் குறித்தெழுதி, சாட்சி வைத்துக்கொள்வதில் வெட்கம் எதுவுமில்லை. ‘சொந்தத்துக்குள் எழுத்தெதற்கு’ என்று கூசி, பின்னர் சொந்தத்தையே இழக்கிறோம்.

ஜகாத் பெறுவதற்குரிய எட்டு வகையினருள் கடன்பட்டோரும் ஒரு வகையினர். நம் ஜமாஅத்துகளின் ரமலான் கணக்குகளில் ஏழைகளுக்குப் புடவை, வேட்டி, அரிசி என்னும் வரிகள் நிறைந்திருக்கின்றன. கடன்பட்டோர் என்ற தலைப்பின்கீழ் இவ்வாண்டு எழுதப்பட்டிருப்பது என்னவென்று அவரவர் மஹல்லாவின் கணக்கேட்டைத் திறந்து பார்ப்பார்களாக.