ஒரே பூச்சில் தீருமா?

திருவொற்றியூர் தொழிற்சாலையில் உருவான பழைய புல்லட் ஒன்றை முழுக்கப் பிரித்து, சேஸியை மட்டும் தனியே எடுத்து வைத்திருப்பவர் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன: பவுடர் கோட்டிங் அல்லது பெயிண்ட். கையில் பணம் அளவாக இருந்தால் பேச்சு உடனே விலைக்கும் ஆயுளுக்கும் போய்விடும். பவுடர் அதிக நாள் வரும், பெயிண்ட் மலிவு என்று இரண்டே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அந்தத் தீர்ப்புக்குள் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஒரு பொருளைத் திரும்பத் திரும்பக் கவனிக்க நேர்வது தொல்லை, அந்தத் தொல்லையிலிருந்து விடுதலை தருவதுதான் நல்ல பூச்சு என்பது அந்த நம்பிக்கை. அது தவறு என்பதும், குறைந்த பணம் உள்ளவருக்கு இன்னும் அதிகத் தவறு என்பதும் என் வாதம். எது நீண்ட நாள் நிற்கும் என்று கேட்பதற்கு முன், எது பழுதாகும்போது கண்ணுக்குத் தெரியும், நம் கைக்கு அடங்கும் என்று கேட்க வேண்டும். அழியக்கூடிய ஒன்றோடு வாழ்வது எப்படி என்ற பழைய தத்துவக் கேள்விதான் இங்கே பட்டறைக்கு வந்திருக்கிறது.

பவுடரின் பெருமையைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. பாலியெஸ்டர் அல்லது எபாக்சிப் பிசினின் நுண்பொடிக்கு மின்னேற்றம் கொடுத்துத் தெளிக்கிறார்கள். எர்த் செய்த இரும்பில் அது தானாகப் போய் ஒட்டுகிறது. பிறகு ஓவனில் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் உருகிப் பிணைந்து, சுமார் 60 முதல் 100 மைக்ரான் கனத்தில் சேஸி முழுவதற்கும் ஒரே தோலாகிவிடுகிறது. சின்னக் கல் தெறித்தால் தாங்கும். பெட்ரோல் சிந்தினால் எனாமலைப் போல இளகாது. அதன் பலவீனமும் இந்தக் கெட்டித் தோலிலிருந்தே வருகிறது. எங்கோ ஒரு வெட்டு விழுந்து ஈரம் புகுந்துவிட்டால், துரு தோலுக்கு அடியிலேயே ஊர்ந்து பரவும். மேலே பளபளப்பு அப்படியே இருக்கும். கடலோர ஊர்களின் உப்புக் காற்று இதை இன்னும் விரைவுபடுத்தும். குழாய்கள் கூடும் இடுக்குகளில் மின்புலம் சரியாக நுழையாததால் பொடியும் அங்கே மெல்லிசாகவே படிகிறது. ஈரம் தங்குவதும் அதே இடுக்கில்தான். கொப்புளம் எழுந்து கண்ணில் படும் நேரத்தில் உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும். முறையாகச் சரிசெய்ய எஞ்சினை இறக்கி, வயரிங்கைக் கழற்றி, பழைய தோலைக் கடும் ரசாயனத்தாலோ மணல் வீச்சாலோ உரித்து, மறுபடி ஓவனுக்கு அனுப்ப வேண்டும். சின்னக் கீறல் என்றால் டச்சப் பெயிண்ட் தொட்டு வைக்கலாமே என்பார்கள். வைக்கலாம்தான், ஆனால் அந்த இடத்தில் பவுடர் பெயிண்டிடம் கடன் வாங்கிவிட்டது.

பெயிண்ட் சீக்கிரம் தோற்கிறது, ஆனால் வெளிப்படையாகத் தோற்கிறது. மங்கும், கீறும், ஓரத்தில் பழுப்புப் புள்ளி எட்டிப் பார்க்கும். அந்தப் புள்ளியைப் பார்த்த ஞாயிற்றுக்கிழமையே உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு வைத்து, மேலே இரண்டு கை எனாமல் இழுத்துவிடலாம். துரு வெளியிலிருந்து வந்து தாக்கும் பகை என்று நினைப்பவருக்கு இது அற்பமான ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் உலையில் பெரும் சூட்டைச் செலவழித்துத் தாதுவிலிருந்து பிரித்தெடுத்த இரும்பு, ஈரமும் காற்றும் கிடைத்த இடத்திலெல்லாம் ஆக்சைடாகத் திரும்பப் பார்க்கிறது. அந்தச் சாய்வு அதன் இயல்பிலேயே இருக்கிறது. உயிரை மறைக்கும் ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் சொல்லும் உவமை செம்பில் களிம்பு. இடையில் வந்து ஒட்டிய அழுக்காக அல்லாமல், உயிரோடு தொடக்கமில்லாக் காலந்தொட்டே உடன் இருப்பதாக அவர்கள் அதைக் கருதினார்கள். வேதியியலும் சித்தாந்தமும் ஒன்றைச் சொல்வதாக நான் இழுக்கவில்லை. களிம்பை உடன் இருப்பதாக ஏற்றவர் செம்பைத் துலக்குவதை நிறுத்துவதில்லை, துலக்கி முடித்துவிட்டேன் என்றும் சொல்வதில்லை. அந்த மனநிலை மட்டுமே இங்கே எனக்கு வேண்டியது.

இதே சிக்கலுக்குக் கோயில் மரபு கண்ட விடை இன்னும் துல்லியமானது. மூலவர் சிலைக்கும் பீடத்துக்கும் இடையிலுள்ள சந்தினை அடைக்க அஷ்டபந்தனம் சாத்துகிறார்கள். கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என எட்டுப் பொருள்களை இடித்து இடித்துப் பக்குவப்படுத்திய கலவை அது. சாத்தும்போது மெழுகுபோல் இளகியிருக்கும். நாளடைவில் இறுகும், பிறகு வெடிக்கும். அபிஷேக நீர் அடியில் கசியத் தொடங்கும். சேஸியின் பூச்சுக்கு அடியில் நடப்பதும் இதுதான். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை குடமுழுக்கு என்ற வழக்கம் அந்தக் கசிவை எதிர்பார்த்தே வாழ்கிறது. பொன்னால் சாத்தும், நெடுங்காலம் நிற்பதாகச் சொல்லப்படும் ஸ்வர்ணபந்தனமும் மரபில் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனாலும் பரவலாக நிலைத்தது எட்டுப் பொருள் கலவைதான். அதற்குச் செலவு ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை, ஆனால் விளைவு செலவோடு நிற்கவில்லை. தலைமுறைக்கு இரண்டு முறையாவது சாரம் கட்டி, கோபுரத்தின் ஒவ்வொரு சுதையையும் யாரோ ஒருவர் தொட்டுப் பார்க்கும் கட்டாயம் அதனால் உண்டாயிற்று. என்றும் உள்ளவன் என்று நம்பப்படும் கடவுளின் இருக்கைக்கே தவணை வைத்துச் செப்பனிட்டவர்கள் நம் முன்னோர்.

இது ஓய்வு நேரம் உள்ளவனின் தத்துவம் என்று ஒருவர் மறுக்கலாம், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வண்டியை நம்பி உணவு கொண்டு சேர்ப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாள் கிடையாது. அவரிடம் உப்புத்தாளைக் கொடுத்துப் பேணுதலின் மேன்மையைப் பேசுவது பொறுப்பற்ற வேலை. அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் 1958-ல் வெளியான ‘தி ஹியூமன் கண்டிஷன்’ நூலில், தேய்வுக்கு எதிராக உலகைப் பராமரிப்பதை முடிவற்ற உழைப்பின் பக்கம் வைத்தார். நிலைத்து நிற்கும் பொருளைச் செய்யும் வேலையை அதிலிருந்து பிரித்தார். இந்த மறுப்புக்குப் பின்னால் அவருடைய குரலும் கேட்கிறது. ஆனால் அந்தத் தொழிலாளியின் நிலையிலிருந்தே கணக்குப் போட்டுப் பார்ப்போம். பவுடர் அவரை வேலையிலிருந்து விடுவிப்பதில்லை, வேலையைத் திரட்டி ஒரே நாளுக்குத் தள்ளிவைக்கிறது. அந்த நாள் வரும்போது வண்டி பல நாள் நிற்கும், கையில் மொத்தமாகப் பணமும் வேண்டும். வரவு சிறுசிறு தொகையாக வருபவருக்குச் செலவும் அப்படி வருவதுதான் தாங்கும். வண்டியை ஐந்து வருடத்தில் விற்றுவிடப் போகிறவருக்கு என் வாதம் பொருந்தாது. அவர் பவுடர் போட்டுக்கொள்ளட்டும். அடியில் ஊரும் துரு அடுத்தவரின் கணக்கில் சேரும், அதில் ஓர் அறக்கேள்வி எழுந்தாலும்.

என் வாதத்தை உண்மையாகவே அசைக்கும் மறுப்பு வேறு. பெயிண்ட் மலிவு என்றால் அந்த மிச்சம் யாரிடமிருந்து வருகிறது? இன்று நன்றாக உழைக்கும் பெயிண்ட் என்று பட்டறைகள் பரிந்துரைப்பது, ஹார்டனர் கலந்து பூசும் டூ-கே பாலியூரித்தேன். அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் ஸ்ப்ரே செய்யும்போது மூச்சில் கலந்து ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. முகத்தில் கட்டிய கைக்குட்டை அதைத் தடுக்காது. வெளியிலிருந்து காற்று தரும் முகமூடி வேண்டும். பவுடரில் தின்னரும் இல்லை, இந்த ஹார்டனரும் இல்லை. கீழே விழும் பொடியைத் திரட்டி மறுபடி பயன்படுத்தவும் முடிகிறது. பெயிண்டரின் நுரையீரலில் சிக்கனம் பிடித்துவிட்டு, கண்ணுக்குத் தெரியும் பழுதே நல்லது என்று நான் பேசினால் அது போலித்தனம், ஏனென்றால் அந்தப் பழுது யார் கண்ணுக்கும் தெரியாமல் அவர் மார்புக்குள் நடக்கிறது. ஆகவே பாதுகாப்பில்லாத டூ-கே ஸ்ப்ரேயா, பவுடரா என்று வந்தால் பவுடர்தான். எனக்கு மிஞ்சுவது அடக்கமான மூன்றாவது வழி: காற்றோட்டமான இடத்தில் தூரிகையால் பூசும் சாதாரண எனாமல். தின்னர் வாசனை அதிலும் உண்டு, பிரஷ் கோடு தெரியும், ஆயுளும் குறைவு. டேங்கும் சீட்டும் மறைத்துக்கொள்ளும் சேஸிக்கு அந்தக் கோடு பெரிய குற்றமில்லை. குறைந்த ஆயுளை இந்த வாதம் முதலிலேயே ஏற்றுக்கொண்டது. மிச்சமாகும் பணத்தின் முதல் பங்கு மணல் வீச்சுக்குப் போக வேண்டும். வீச்சு முடிந்த அன்றே பிரைமர் ஏற வேண்டும், இல்லாவிட்டால் இரவு ஈரத்திலேயே இரும்பு பழுக்கத் தொடங்கிவிடும். ஹேண்டில் திரும்பும் கோன்செட் அமரும் இடங்களையும் சேஸி எண்ணையும் மறைத்து வைப்பது இரண்டு முறைக்கும் பொது. அடுத்த பங்கு குழாய்களின் உட்புறத்துக்கு. பவுடரும் தூரிகையும் எட்டாத இடம் அது, பழைய சேஸி உள்ளிருந்தும் துளைபடும். மெழுகு கலந்த எண்ணெயைத் துளை வழியே ஊற்றிச் சேஸியை நாலாபுறமும் சாய்த்துப் படியவிட வேண்டும், சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் ஊற்ற வேண்டும்.