கூலி வாங்கிய தொண்டர்கள்

1893 செப்டம்பரில் லண்டனில் கூடிய ரக்பி ஃபுட்பால் யூனியனின் பொதுக்குழுவில் வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர்காரர்கள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். ஆட்டத்துக்காக வேலைக்குப் போகாமல் ஒருவர் கூலியை இழந்தால், அந்த இழப்பை மட்டும் அவருடைய கிளப் ஈடுகட்டலாம் என்பதே அது. ஆடுவதற்குச் சம்பளம் வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. ஆதரவாக 136 வாக்குகள், எதிராக 282 வாக்குகள். ஹட்டர்ஸ்ஃபீல்ட், ஹாலிஃபாக்ஸ், விகன், ஓல்டம் போன்ற ஊர்களில் ரக்பி ஆடியவர்களில் பலர் நிலக்கரிச் சுரங்கத்திலும் பஞ்சாலையிலும் வேலை செய்தவர்கள். அவர்களுக்குச் சனிக்கிழமை அரைநாள்தான் ஓய்வு. வெளியூர் ஆட்டம் என்றால் அன்றைய கூலி போய்விடும். தெற்கில் ஆடியவர்களோ பெரும்பாலும் பெரிய பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் படித்து வந்தவர்கள், வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், குடும்பச் சொத்து உள்ளவர்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹட்டர்ஸ்ஃபீல்ட் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய இருபதுக்கும் மேற்பட்ட வடக்குக் கிளப்புகள் பிரிந்து தனி அமைப்புக் கண்டன. வேலை இழந்த நாள் ஒன்றுக்கு ஆறு ஷில்லிங் தரலாம் என்று விதி செய்தன. அங்கே போய் ஆடியவர்களுக்குப் பழைய யூனியன் கதவை அடைத்தது. ஆறு ஷில்லிங்கில் பிளந்த அந்த விளையாட்டு இன்றும் இரண்டாகத்தான் இருக்கிறது.

இதை விளையாட்டு வரலாறு என்று மட்டும் படித்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. எதிர்த்தவர்கள் அப்படி வாக்களித்தது பணத்தை மிச்சம் பிடிக்க அல்ல. அன்பினால் செய்வது ஒன்று, காசுக்குச் செய்வது வேறொன்று, இரண்டும் கலந்தால் அன்பு கெட்டுவிடும் என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். இதே நம்பிக்கை வலையபட்டியிலும் மற்றச் செட்டிநாட்டு ஊர்களிலும் கோயில் காரியம் பேசும் இடங்களில் எழுவதுண்டு. ஓதுவாருக்குச் சம்பளம் உயர்த்தவேண்டும், மேளக்காரருக்கு மாதம் இவ்வளவு என்று நிரந்தரமாக வைக்கவேண்டும் என்று பேச்சு வந்தால், “சாமி காரியத்துக்குக் காசைப் பார்த்தால் எப்படி?” என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலில் பக்தி இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் அது தவறு என்பதே என் கட்சி. கூலி தொண்டைக் கெடுப்பதில்லை. கூலி கூடாது என்ற விதிதான் தொண்டை வசதியுள்ளவர்களின் சொத்தாக்கி, மற்றவர்களை வெளியே நிறுத்துகிறது. இதற்கு ஆதாரம் தேடி இங்கிலாந்து வரை போகவேண்டியதுமில்லை. நம் சைவ மரபுக்குள்ளேயே வேண்டிய அளவு இருக்கிறது.

அறுபத்துமூவரில் ஏனாதிநாத நாயனாரை எடுத்துக்கொள்வோம். எயினனூரில் பிறந்த அவருக்கு வாள் பயிற்றுவதுதான் தொழில், அரசர்களுக்கும் வீரர்களுக்கும் கற்பித்துப் பொருள் ஈட்டினார். இன்றைய வழக்கில் சொன்னால் அவர் ஒரு தொழில்முறைப் பயிற்சியாளர். ஈட்டியதை அடியார்களுக்குச் செலவிட்டார். அவருடைய வருமானம் பெருகித் தன்னுடையது சுருங்கியது கண்டு பொறாமைப்பட்ட, அதே தொழில் செய்த அதிசூரன் போருக்கு அழைத்தான். தோற்று ஓடினான். பிறகு தனியே வரச் சொல்லி, நெற்றியில் திருநீறு பூசி, அதைக் கேடயத்தால் மறைத்துக்கொண்டு வந்தான். வெல்லும் தறுவாயில் கேடயம் விலகித் திருநீறு தெரிந்ததும் ஏனாதிநாதர் வாளைத் தாழ்த்தினார். ஆயுதத்தைக் கீழே போட்டால் நிராயுதபாணியைக் கொன்ற பழி எதிரிக்கு வருமே என்று வாளையும் கேடயத்தையும் கையில் ஏந்தியபடியே வெட்டுண்டார். தொழிற்போட்டியில் தொடங்கிய கதை இது. சேக்கிழார் அந்த வருமானத்தை மறைக்கவுமில்லை, அதற்காக நாணவுமில்லை. காசு வாங்கிக் கற்பித்த கைதான் கடைசியில் உயிரைவிடத் திருநீற்றைப் பெரிதாகக் கொண்டது. அவரைப் போலவே குயவர், வண்ணார், மீனவர் என்று தம் தொழிலில் பிழைத்துக்கொண்டே நாயன்மார் ஆனவர்கள் பலர். பிழைப்பை விட்டுவிட்டு வந்தால்தான் தொண்டர் வரிசையில் இடம் என்று பெரியபுராணம் எங்கும் சொல்லவில்லை.

இன்னும் நுட்பமான சான்று திருவீழிமிழலையில் இருக்கிறது. பஞ்ச காலத்தில் அடியார்களுக்கு அமுது படைக்கச் சம்பந்தருக்கும் அப்பருக்கும் இறைவன் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு வைத்தார். அப்பரின் காசு கடையில் முழு மதிப்புக்குப் போயிற்று. சம்பந்தரின் காசுக்கு வட்டம் கழித்தார்கள், அதனால் அவர் மடத்தில் சமையல் தாமதமாயிற்று. காரணம் கேட்டால், அப்பர் உழவாரம் பிடித்துக் கோயிலில் உடலால் வேலை செய்கிறவர் என்று விடை வருகிறது. சம்பந்தரும் வருந்தி ஒதுங்கவில்லை; நல்ல காசு தரும்படி இறைவனையே பாடிக் கேட்டுப் பெற்றார். இந்தக் கதையைத் தெய்வீக அதிசயமாக மட்டும் சொல்லிப் போகிறவர்கள் அதற்குள் இருக்கும் வாதத்தைத் தவறவிடுகிறார்கள். உடல் உழைப்புக்குத் தனி மதிப்பு உண்டு, அந்த மதிப்பைக் காசாக அளந்து தருவது இறைவனுக்கே இழுக்கல்ல என்று ஒரு பக்தி இலக்கியம் வெளிப்படையாகச் சொல்கிறது. சுந்தரரோ இன்னும் ஒரு படி மேலே போனவர். முதுகுன்றத்தில் பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தபோது, அதன் மாற்று குறைந்திருக்கிறதா என்று உரைத்துப் பார்த்தவர் அவர். தோழர் என்ற உரிமையில் கேட்டார் என்பார்கள். இருக்கட்டும். கேட்டதால் அவர் பக்தி குறைந்தது என்று யாரும் எழுதவில்லை.

புராணம் வேண்டாம், கல்லில் வெட்டியது காட்டு என்பவர்களுக்குத் தஞ்சைப் பெரிய கோயில் இருக்கிறது. இராசராசன் அங்கே கோயில் தொண்டுக்கென நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி, ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் கொண்ட ஒரு பங்கும் குடியிருக்க வீடும் கொடுத்தான். திருப்பதியம் பாடுவோருக்கும் அவர்களுக்கு வாத்தியம் முழக்குவோருக்குமாக ஐம்பது பேருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். பங்கு பெற்றவர் இறந்தாலோ வெளியூர் போனாலோ அடுத்த உறவினர் அந்த இடத்துக்கு வரலாம். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரை அமர்த்தி வேலை நடக்கச் செய்யவேண்டும். இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது அதன் துல்லியம். பாடுகிறவனின் வயிற்றை நினைக்கிற அரசன், அவன் தகுதியையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆண்டவன் முன் பாடுகிறவன் நாளைக்கு என்ன சாப்பிடுவது என்ற கவலையோடு பாடக்கூடாது என்று ஒரு பேரரசு முடிவெடுத்து, அதைக் கல்லிலும் வெட்டி வைத்தது.

எதிர்வாதங்களில் முதலாவது கீதையிலிருந்து வரும். பலனில் பற்று வைக்காதே என்று அது சொல்கிறதே, கூலி பலன்தானே என்பார்கள். பலனை எதிர்பார்த்து மனம் அலைவதைத்தான் கீதை விலக்குகிறது, பெறுவதை அல்ல. அரசனாக இருந்து வரி வாங்கிய ஜனகனைக் கர்மயோகத்துக்கு உதாரணமாகக் காட்டுவதும் அதே நூல்தான். மகாபாரதத்தின் வனபர்வத்தில், மிதிலைக் கடைத்தெருவில் இறைச்சி விற்றுக்கொண்டிருக்கும் தர்மவியாதனிடம் தவம் செய்த அந்தணர் கௌசிகர் போய் அறம் கேட்கிறார். தர்மவியாதனும் விற்கிற தொழிலை விடாமலே சொல்கிறான். பணத்தைத் தொடாத கை, பற்றில்லாத மனம் இரண்டும் ஒன்றல்ல. தொடாத கைக்குப் பின்னால் பெரும்பாலும் வேறு யாரோ உழைத்துச் சேர்த்த பணம் இருக்கும். ரக்பியில் கூலி வேண்டாம் என்று வாக்களித்தவர்களின் ஓய்வு நேரத்துக்கும் அப்படி ஒரு விலையை வேறு யாரோ கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது எதிர்வாதம் வலுவானது. கூலி நுழைந்தால் நாளடைவில் செய்கிறவனே மாறிவிடுகிறான், காசு வராத நாளில் பாடாமல் இருந்துவிடுகிறான் என்பது. இப்படி நடப்பதுண்டு, மறுக்கமாட்டேன். கூலி வாங்காமல் கொடுப்பதில் ஓர் அழகு இருப்பதையும் மறுக்கமாட்டேன். கல்கத்தாவில் 1870களில் ஆங்கிலேயர்கள் நடத்திய ரக்பி கிளப், ஆட்கள் குறைந்து மூடும் நிலை வந்தபோது, வங்கியில் மிஞ்சியிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி நாகப்பாம்புகள் கைப்பிடியாக, மூடியில் யானை நிற்க ஒரு கோப்பை செய்து யூனியனுக்குக் கொடுத்தது. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் அந்தக் கல்கத்தா கோப்பைக்காகவே ஆடுகின்றன. நல்ல செயல்தான். ஆனால் கூலியில்லாத அன்புதான் உயர்ந்தது என்பதை விதியாக்கும்போது, கொடுக்க வசதியுள்ளவன் மட்டுமே உயர்ந்தவனாக முடிகிறது. 1898இல் சம்பளத்தை முழுமையாக ஏற்ற வடக்கத்திக் கிளப்புகளும், ஆடுகிறவருக்கு வேறு நேர்மையான வேலை இருக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தின. ஆட்டக்காரன் ஆட்டத்துக்கு மட்டுமே அடிமையாகிவிடக்கூடாது என்று அவர்களும் அஞ்சினார்கள். அந்த அச்சம் நியாயமானது. அதற்கு மருந்தாக அவர்கள் கூலியைத் தடுக்கவில்லை என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன்.

மூன்றாவதாக, 1995 ஆகஸ்டில் யூனியன் ரக்பியும் சம்பளத்துக்குக் கதவைத் திறந்த பிறகு என்ன ஆயிற்று பார் என்பார்கள். பார்ப்போம். நியூகாசில் நகரத்துக் கிளப் 1877இல் கோஸ்ஃபோர்த் என்ற பெயரில் தொடங்கியது. 1995இல் தொழிலதிபர் சர் ஜான் ஹால் அதை வாங்கினார். அடுத்த ஆண்டு பெயர் நியூகாசில் ஃபால்கன்ஸ் ஆனது, 1997–98இல் முதல் பிரிவுக்கு உயர்ந்த முதல் ஆண்டிலேயே இங்கிலாந்தின் சாம்பியன் ஆனது. பதினெட்டு வயதில் அங்கே சேர்ந்து சம்பளம் வாங்கிய ஜானி வில்கின்சன், பயிற்சி முடிந்தபின்னும் நெடுநேரம் தனியாகப் பந்தை உதைத்துப் பழகியவர். 2003 உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் கடைசி நிமிடத்தில் வென்ற உதை அவருடையது. கூலி அன்பைக் கொன்றது என்பவர்கள் அவரை எங்கே வைப்பார்கள்? ஆனால் அதே கிளப் 2023–24இல் லீக் ஆட்டங்கள் பதினெட்டிலும் தோற்றது. 2025இல் ஒரு பானக் கம்பெனி வாங்கித் தன் பெயரையே கிளப்புக்கு வைத்தது. அதற்கு முன்பே 2022, 2023 ஆண்டுகளில் வூஸ்டர், வாஸ்ப்ஸ், லண்டன் ஐரிஷ் என்ற மூன்று பெரிய கிளப்புகள் கடனில் மூழ்கின. இதெல்லாம் ஆட்டக்காரன் கூலி வாங்கியதால் வந்த வினையா? நான் அப்படி நினைக்கவில்லை. கிளப் ஊருக்கு உரியதாக இருந்த நிலை போய், ஒருவர் வாங்கவும் விற்கவும் கூடிய பண்டமானதால் வந்தது. உழைக்கிறவன் வாங்குகிற கூலியும், உழைப்பின்மேல் உரிமை கொண்டவன் எதிர்பார்க்கிற ஆதாயமும் வேறுவேறு. இரண்டையும் பணம் என்ற ஒரே பெயரில் சேர்த்துப் பழிப்பதால்தான் பழி எப்போதும் கூலிக்காரன் தலையில் விழுகிறது.

இந்த வேறுபாட்டைச் செட்டிநாட்டில் விளக்கவேண்டிய தேவையே இருக்கக்கூடாது. பணமும் சாமியும் ஒன்றையொன்று தீண்டக்கூடாது என்று நகரத்தார் ஒருநாளும் எண்ணியதில்லை. ரங்கூனிலும் பினாங்கிலும் கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள் மகமை என்று ஒரு பங்கைக் கோயிலுக்கு ஒதுக்கினார்கள், போன ஊரெல்லாம் தெண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயில் 1859இலேயே கட்டப்பட்டது. ஊரில் கோயில் செலவுக்குப் புள்ளிவரி: கல்யாணமானால் ஒரு புள்ளி, பணக்காரனும் ஒரு புள்ளி, இல்லாதவனும் ஒரு புள்ளி. கூடுதலாகக் கொடுக்கிறவர் கொடுக்கலாம், ஆனால் கொடுத்ததற்காகக் கோயில் அவருடையதாகிவிடாது, பெயரும் மாறாது. நியூகாசில் கிளப்புக்கு இல்லாமல் போனது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த ஏற்பாட்டுக்கும் குறை உண்டு. புள்ளியாக இல்லாதவர்களுக்கு, அதாவது அந்தக் கோயிலில் வேலை செய்கிற பெரும்பாலோருக்கு, அதில் பேச இடமில்லை. அவர்கள் பங்கு கூலி வழியாகத்தான் வரவேண்டியிருக்கிறது. அந்தக் கூலியையும் பக்தியின் பெயரால் குறைத்தால் அவர்களுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

தமிழ்நாட்டில் ஒருகாலப் பூசை மட்டும் நடக்கும் கோயில்களின் அர்ச்சகர்களுக்கு அரசு 2021இல் மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. அதுவரை தட்டில் விழுவதை நம்பி இருந்தவர்களுக்கு அது பெரிய செய்தி என்பதே அவர்கள் இருந்த நிலையைச் சொல்லிவிடும். செட்டிநாட்டுக் கோயில்களில் கும்பாபிஷேகத்துக்குப் புள்ளிவரி முடிவாகும்போது கல் வேலை, சுதை வேலை, வர்ணம், யாகசாலை, அன்னதானம் என்று கணக்கு விரிகிறது. ஓதுவார், தவில், நாயனம், மடைப்பள்ளி, வாசல் கூட்டுகிறவர் என்று ஒவ்வொருவருக்கும் அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மாதம் எவ்வளவு, அந்தப் பணம் எந்த வைப்பிலிருந்து வரும், ஒருவர் விலகினால் தகுதி பார்த்து யாரை அமர்த்துவது என்று எழுத அதே ஏட்டில் ஒரு பக்கம் வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தஞ்சையில் இதற்கான வாசகம் எழுதி முடித்தாயிற்று. நெல்லை ரூபாயாக மாற்றினால் போதும்.